அல்லி நகரத்தில் அந்நியத் தாமரை

சில ஊர்களின் பெயரைச் சொன்னாலே நாவில் தண்ணீரின் குளிர்ச்சி தட்டும். அல்லிநகரம் அத்தகைய பெயர். தேனியோடு சேர்ந்து இன்று ஒரே நகராட்சியாக விளங்கும் இவ்வூருக்கு ஒரு பக்கம் மலை. அதன் அடிவாரத்தில் வீரப்ப ஐயனார் கோவில். ஊரை அடுத்து மீறுசமுத்திரம் முதலிய கண்மாய்கள். பெயருக்கேற்ற பூவைக் கண்டு வரலாம் என்ற ஆசையுடன் தை மாதத்தில் ஒரு நாள் காலை நாம் ஒரு கண்மாய்க் கரையில் ஏறி நின்றோம். அல்லியைக் காணோம், தண்ணீரையும் காணோம்! கரைக்குக் கரை பச்சைப் பாய் விரித்தாற்போல் கொழுத்த இலைகள். நடுநடுவே மயிற்கண் போன்ற புள்ளியுடன் இளம் ஊதாப் பூங்கொத்துகள்.

"என்ன அழகு!" என்று நம்மையறியாமல் சொல்லிவிட்டோம். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார்.

"அழகுதானுங்கய்யா. அடியில தண்ணி இருக்குன்னு நாங்க சொன்னாத்தானே உங்களுக்குத் தெரியும்? இதை வாரி வாரிக் கை ஓஞ்சு போச்சு. ஒரு மடங்கு வாரினா ரெண்டு மடங்கா வருது" என்றார்.

அவர் கூறியது வெறும் சலிப்பன்று. தாவர சாஸ்திரிகள் அரும்பாடுபட்டுக் கண்ட உண்மையும் அதுவே. அந்தக் கதையைத்தான் இங்கே வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

இச்செடியை ஜனங்கள் ஆகாயத் தாமரை என்கிறார்கள். அப்பெயர் பழைய வைத்தியத்தில் வேறொரு மிதவைச் செடிக்கு உரியது. ஆகையால் காம்பு வெங்காயம் போல் புடைத்திருக்கும் இதனை வெங்காயத் தாமரை என்று சொல்வோரும் உண்டு. எப்பெயரிட்டாலும் இது நம் நாட்டுச் செடி அன்று. தென்னமெரிக்காவில் அமேசான் நதி பாயும் பிரதேசம் இதன் பிறப்பிடம். பூவின் அழகில் மயங்கிய மனிதர்கள் தோட்டத்துத் தொட்டிகளில் வைத்து இதைத் தேசந்தேசமாகக் கொண்டு போனார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது வங்காளத்தை அடைந்தது. சில பத்தாண்டுகளுக்குள் படகுப் போக்குவரத்து தடைப்பட்டது. நெல் வயல்கள் பாழாயின. 1921-இல் இதை ஒழிக்க வழி காணும்படி அமைக்கப்பட்ட குழுவுக்கு ஜகதீச சந்திர போஸ் தலைமை வகித்தார். 1936-இல் வங்காளத்தில் இதற்கெனத் தனிச் சட்டமே பிறந்தது. 1937-ஆம் வருஷத் தேர்தலில் கட்சிகள் இச்செடியை ஒழிப்பதாக வாக்குறுதி தந்தன என்றால், அது செய்த கொடுமையை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

இங்கே அறிவுக்கு ஒரு புதிர் இருக்கிறது. ஓர் உயிரினம் புதிய சூழ்நிலையில் தழைக்க வேண்டுமானால் அதனுள் வேற்றுமை வேண்டும் என்பது டார்வின் காலம் முதல் ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கை. வெயில் தாங்குவது ஒன்று, குளிர் தாங்குவது ஒன்று, நோய் தாங்குவது ஒன்று என்று பலவிதமாக இருந்தால்தான் எந்த ஆபத்திலும் சில தப்பிப் பிழைக்கும். வேற்றுமையே குலத்தின் மூலதனம். ஆனால் கடல் கடந்து வரும் செடி, நாலைந்து பேராக வருகிறது; குலத்தின் மரபணுச் செல்வத்தில் ஒரு சிறு பங்கையே கொண்டு வருகிறது. கையில் காசில்லாமல் வந்தவன் ஊரையே விலைக்கு வாங்குவது எப்படி?

விடை கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். வாழையை விதை போட்டா வளர்க்கிறோம்? தாய் மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக் கன்றைப் பெயர்த்து நடுகிறோம். திராட்சையை முற்றிய கொடியின் குச்சியை வெட்டி ஊன்றுகிறோம். அவ்வாறு வளர்ந்தது தாயின் பிள்ளையன்று, தாயேதான். ஒரு தோட்டத்தில் ஆயிரம் வாழை நின்றாலும் மரபணுக் கணக்கில் அது ஒரே வாழை. வெங்காயத் தாமரையும் இதையே செய்கிறது. நீருக்குள் பக்கவாட்டில் ஒரு தண்டை நீட்டி அதன் நுனியில் கன்று ஈனுகிறது. தண்டு அறுந்ததும் கன்று தனிக்குடித்தனம் போகிறது. சத்துள்ள நீரில் இரண்டு வாரத்துக்குள் இது இரட்டித்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்றே கணக்கிடுவோம்: இடமும் சத்தும் தடையின்றிக் கிடைத்தால் ஒரு செடி 150 நாளில் 1,024 ஆகும், 300 நாளில் பத்து லட்சத்தைத் தாண்டும்!

பூ இருக்கிறதே, அது எதற்கு என்று கேட்கலாம். அதிலும் ஒரு விந்தை உண்டு. இச்செடியில் சூல்தண்டு நீண்டது, நடுத்தரமானது, குட்டையானது என மூவகைப் பூக்கள் உள்ளன. ஒரு வகைப் பூ மற்றொரு வகையோடு மகரந்தம் மாற்றிக்கொள்வதற்காக இயற்கை செய்த ஏற்பாடு இது. ஆனால் குட்டைத் தண்டுப் பூ தாயகமான தென்னமெரிக்காவை விட்டுப் புறப்படவே இல்லை. வெளிநாடுகளில் காண்பது பெரும்பாலும் நடுத்தர வகையே. நீண்ட வகை அரிது. தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்க இச்செடிக்கு இயலும். எனினும் அந்த விதை முளைக்க ஈரச் சேறும் வெளிச்சமும் வேண்டும். மேலே பாய் போல் மூடிக் கிடக்கும் கண்மாயில் அதற்கு ஏது வழி?

சீன நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இருவரும் கனடாவின் ஸ்பென்ஸர் பாரெட்டும் சேர்ந்து உலகின் பல பாகங்களிலிருந்து, 54 இடங்களைச் சேர்ந்த 1,140 செடிகளின் மரபணுக் குறிகளை ஒப்பிட்டு, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். செடி குடியேறிய நாடுகளில் ஐந்தில் நான்கு பங்கு இடங்களில், ஓரிடத்துக் கூட்டம் முழுவதும் ஒரே செடியின் கன்றுகளாக இருந்தது. அதைவிட வியப்பு, பரிசோதித்த செடிகளில் நூற்றுக்கு 70-க்கு மேல் ஒரே ஒரு மூலச் செடியின் பிரதிகள்! கண்டங்களைக் கடந்து நீர்நிலைகளை மறைப்பது ஒரு படையன்று. ஒரே ஆள், கோடி உடல்களோடு.

எல்லா அந்நியச் செடிகளும் இந்த வழியில்தான் வென்றன என்று எண்ணிவிடக் கூடாது. இந்தப் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைகளில் ஏறினால் உண்ணிச்செடிப் புதர்களைக் காண்போம். அதுவும் அமெரிக்கச் செடியே. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் நிறத்துக்காகப் பல இனங்களைக் கலந்து கலந்து வளர்த்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டம் வழியாக இந்நாட்டுக்குள் விட்டார்கள். அதன் குரோமோசோம்கள் சில செடிகளில் இரட்டையாகவும், சிலவற்றில் மும்மடங்கு நான்மடங்காகவும் இருக்கின்றன. நம் தேசத்தில் புலி வாழும் காடுகளில் ஏறக்குறைய 1,54,000 சதுர கிலோமீட்டர் இதன் வசமாகிவிட்டதாக 2020-இல் கணக்கிட்டார்கள். இதை அழிக்க 1941-இல் ஒரு பூச்சியைக் கொண்டு வந்தும் பெரும் பயனில்லை. ஒரு வகைச் செடியைத் தின்னும் பூச்சி மற்றொரு வகையைத் தொடுவதில்லை என்பது இத்தகைய முயற்சிகளில் பல நாடுகள் கண்ட அனுபவம். மலையில் கலப்பால் வென்றது ஒன்று. கண்மாயில் கலவாமலே வென்றது மற்றொன்று.

ஆனால் கலவாமல் வென்றதன் பலமே அதன் பலவீனமும் ஆகும். கிராஸ் மிஷேல் என்ற ஒரே வாழையை நம்பிய மத்திய அமெரிக்கத் தோட்டங்களை ஒரே வாடல் நோய் சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் அழித்துவிட்டது. ஒன்று விழுந்த இடத்தில் எல்லாம் விழும். வெங்காயத் தாமரை இங்கே விழாமல் நிற்பதற்குக் காரணம், அதன் பகைவர்களைத் தாயகத்திலேயே விட்டு வந்ததுதான். கன்றால் பெருகும் களைகளை இயற்கைப் பகைவரைக் கொண்டு அடக்குவது எளிது என்று 1981-இல் பர்டன், மார்ஷல் என்ற இருவர் எழுதினார்கள். அது எப்போதும் பொருந்தாது என்று பின்வந்தோர் வாதித்ததும் உண்டு. ஆயினும் பெங்களூர் நல்ல சாட்சி. இச்செடியையே உண்டு வாழும் தென்னமெரிக்கக் கூன்வண்டுகளை 1980-களில் அங்கே சில ஏரிகளில் விட்டதும், சில ஆண்டுகளில் செடி பெருமளவு மடிந்தது. அதே நகரில் பிற்காலத்தில் சாக்கடை பெருகிய ஏரிகள் மீண்டும் பச்சைப் பாய் போர்த்ததையும் நாடறியும். வண்டு தின்பதைவிட வேகமாகச் செடிக்குச் சோறு போட்டால் வண்டு என்ன செய்யும்?

இப்போது பெரியவரின் பேச்சுக்குத் திரும்புவோம். அரை கண்மாயை வாரிவிட்டு அரையை விட்டுவைப்பது, வாழைத் தோட்டத்தில் இடைவெளி விட்டுக் கன்று நடுவதற்குச் சமம். இயந்திரத்தால் துண்டாக்கித் தண்ணீரிலேயே விட்டால் ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. வாரியதைக் கரையோரம் குவித்தால் அடுத்த மழை அதைத் திரும்பக் கண்மாயில் சேர்க்கும். மேல் கண்மாயில் ஒரு கொத்து மிஞ்சினாலும் வாய்க்கால் வழியே கீழ்க் கண்மாய்க்கு வந்துவிடும். ஆகவே ஊருக்கு ஊர் தனித்தனியாகச் செய்யும் வேலை இது அன்று. ஒரே நீர்வழியில் உள்ள எல்லாக் கண்மாய்களையும் ஒரே பருவத்தில், தண்ணீர் வற்றும் கோடையில், அடியோடு சுத்தம் செய்ய வேண்டும். சேற்றில் கிடக்கும் விதை இருபது ஆண்டு வரை உயிரோடு இருக்கலாம் என்பதால், வெளிச்சம் பட்டதும் முளைக்கும் நாற்றுகளை அடுத்த ஆண்டுகளிலும் கவனித்துக் களைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தழைச்சத்தையும் மணிச்சத்தையும் சுமந்து கண்மாய்க்குள் இறங்கும் ஊர்ச் சாக்கடையை நிறுத்த வேண்டும்.

இச்செடியை நம் கண்மாய்க்கு அழைத்தவன் யாரோ. ஆனால் தினந்தோறும் விருந்து வைப்பவர்கள் நாமே. விருந்தை நிறுத்துவதும் நம் கையில்தான் இருக்கிறது. கரையை விட்டு இறங்கும்போது, "அல்லி இந்தக் கண்மாயில் எப்போதாவது இருந்ததா?" என்று பெரியவரிடம் கேட்டோம்.

"தண்ணி கண்ணுக்குத் தெரிஞ்ச காலத்துல இருந்துச்சுங்கய்யா" என்றார்.