முதற் பட்டம்



'முதற் பட்டம்' என்னும் தலைப்பைக் கேட்டதும், பாடசாலை அதிபர் ஒருவர் பேச வந்திருக்கின்றார், பல்கலைக்கழகப் பட்டத்தைப் பற்றித்தான் சொல்லப்போகின்றார் என்று உங்களுள் பலர் எண்ணியிருத்தல் கூடும். அப்பட்டம் அன்று, காற்றிலே பறக்கும் பட்டமே இன்றைய பேச்சின் பொருள். அதிலும், சிறுவர்கள் காலிமுகத்திடலில் ஏற்றி மகிழும் சிறு பட்டம் அன்று. ஓர் ஆளையே நீரின்மேல் இழுத்துச் செல்லும் பெரும் பட்டம். காலிற் பலகையைப் பொருத்தி, இடுப்பிற் கச்சையை அணிந்து, வானிலே பட்டத்தை ஏற்றி, அதன் இழுவையால் கடலின்மீது வழுக்கி ஓடும் விளையாட்டை ஆங்கிலத்தில் 'கைற் சேர்ஃபிங்' என்பர். நாம் அதனைப் பட்ட அலைச்சறுக்கு என்று வழங்குவோம்.

நமது நாட்டிலே இவ்விளையாட்டுக்குப் பெயர்பெற்ற இடம் கற்பிட்டி. மன்னார்த் தீவிலும் இது நடைபெறுகின்றது. வெளிநாட்டார் வந்து விளையாடுவதைக் கண்ட நம் இளைஞருக்கும் அதில் ஆசை பிறப்பது இயல்பே. ஆசை பிறந்தவுடன் எழும் வினா ஒன்று உண்டு: 'முதலில் எந்தப் பட்டத்தை வாங்குவது?' இவ்வினாவுக்கு விடை காண்பதே நமது நோக்கம்.

விடையின் சாரத்தை முதலிலேயே கூறிவிடுகின்றேன். பழகுவோன் தன் முதற் பட்டத்தைத் தெரியும்போது, 'இது எவ்வளவு வலிமையாக இழுக்கும்?' என்று கேட்டல் தகாது. 'இழுப்பதை எவ்வளவு விரைவில் நிறுத்தும்?' என்றே கேட்டல் வேண்டும். ஏனைய யாவும் இதனுள் அடங்கும்.

பட்டத்தை இழுவைக்குப் பயன்படுத்தும் எண்ணம் புதியதன்று. இங்கிலாந்திலே பிறிஸ்ரல் நகரிற் பாடசாலை ஆசிரியராய் விளங்கிய ஜோர்ஜ் பொக்கொக் என்பவர், குதிரையின்றிப் பட்டங்களால் இழுக்கப்படும் வண்டி ஒன்றை அமைத்து, 1826ஆம் ஆண்டிலே அதற்கு உரிமைப்பத்திரமும் பெற்றார். துடுப்பாட்ட அன்பர்களுக்கு ஒரு செய்தி: புகழ்பெற்ற டபிள்யூ. ஜி. கிரேஸ் இவருடைய மகள்வழிப் பேரர். பின்னர் 1903ஆம் ஆண்டிலே சாமுவேல் கோடி என்பவர் பட்டத்தால் இழுக்கப்பட்ட படகிற் கலேயிலிருந்து டோவர் வரை ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். ஆயினும், பட்டம் நீரில் விழுந்தால் நனைந்து கிடக்குமேயன்றி மீண்டும் எழாது என்னும் குறை நெடுங்காலம் இருந்தது. பிரான்சு நாட்டின் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகைனு என்னும் சகோதரர் இருவர், காற்றடைத்த குழாய்களையுடைய பட்டம் ஒன்றை வகுத்து 1984ஆம் ஆண்டிலே உரிமைப்பத்திரம் பெற்றனர். அது நீரில் விழுந்தாலும் மிதக்கும்; கயிற்றைச் சரிவரக் கையாண்டால் மறுபடியும் மேலெழும். இன்றைய விளையாட்டு இக்கண்டுபிடிப்பின்மீதே நிற்கின்றது.

இனி, பட்டத்தைத் தெரிவதற்கு முன்னர்க் காற்றைத் தெரிதல் வேண்டும். காற்றின் வேகத்தைக் கடலோடிகள் 'நொட்' என்னும் அளவாற் குறிப்பர். மணிக்கு ஒரு கடல்மைல், அஃதாவது 1.852 கிலோமீற்றர், ஒரு நொட் ஆகும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசையும் இருமடங்காகும் என்று நினைத்தல் பிழை. விசை நான்கு மடங்காகின்றது. 15 நொட்டில் வீசிய காற்று 21 நொட் ஆனபோதே பட்டத்தின் இழுவை ஏறத்தாழ இரட்டித்துவிடும். 30 நொட் ஆயின் நான்கு மடங்கு. காலையிற் பசுவைப்போல் அடங்கி நின்ற பட்டம் மாலையில் முரட்டுக் காளையாய் மாறுவது இதனாலேயே.

பட்டத்தின் அளவைச் சதுர மீற்றரிற் சொல்வர். எந்த அளவு பொருந்தும் என்பதை இரண்டு பொருள்கள் தீர்மானிக்கும். ஒன்று, விளையாடுவோரின் உடல் நிறை. மற்றொன்று, அவர் பழகும் இடத்திற் பெரும்பாலும் வீசும் காற்று. எடுத்துக்காட்டாக, 75 கிலோகிராம் நிறையுடைய ஒருவருக்கு 18 நொட் காற்றிலே ஏறத்தாழ 10 முதல் 12 சதுர மீற்றர் பட்டம் பொருந்தும். 55 கிலோகிராம் நிறையுடைய இளைஞனுக்கு அதே காற்றில் 7 முதல் 9 சதுர மீற்றர் போதும். அண்ணனுக்கு ஏற்ற பட்டம் தம்பிக்கு ஏற்றதாகாது. பலகையின்றி மணலில் நின்று பட்டத்தை ஆட்டிப் பழகுங் காலத்திலோ 2 அல்லது 3 சதுர மீற்றர் அளவினதாகிய பயிற்சிப் பட்டமே சாலும். ஐயம் தோன்றுமிடத்துச் சிறியதைத் தெரிக. சிறிய பட்டத்தால் ஒரு நாள் விளையாட்டு மட்டுமே கெடும். பெரிய பட்டத்தால் ஆளுக்கே கேடு விளையும்.

அளவுக்கு அடுத்தது அமைப்பு. வடபுலத்துப் பிள்ளைகளுக்கு இதனை விளக்குதல் எளிது. தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே பட்டப் போட்டி நடைபெறுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். எத்துணை அழகாகக் கட்டிய பட்டமாயினும் முச்சை சரியில்லையெனில் அது குத்திக்கொண்டு விழும். கடற் பட்டத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். அதிலே 20 முதல் 24 மீற்றர் நீளமான நான்கு அல்லது ஐந்து கயிறுகள் ஒரு பிடிதண்டிலே வந்து சேர்கின்றன. தண்டைத் தன்பால் இழுத்தால் பட்டம் காற்றை மிகுதியாக ஏந்தும். தண்டை அப்பால் தள்ளினால் காற்றை வழியவிடும். இவ்வாறு காற்றை வழியவிடும் ஆற்றல் எல்லாப் பட்டங்களுக்கும் ஒரே அளவினதன்று.

ஆழமாக வளைந்த பழைய வகைப் பட்டங்கள், தண்டைத் தள்ளிய பின்னரும் இழுவையைப் பெரிதும் விடா. வித்தை காட்டும் வல்லுநர் அவற்றை விரும்புவர். சற்றுத் தட்டையாய் வில்லைப்போல் விரிந்து, முன் விளிம்பிலே முச்சைக் கயிறுகள் கட்டப்பெற்ற பட்டங்கள் பெரும்பாலும் 2005ஆம் ஆண்டையொட்டிப் பரவின. இவை தண்டைத் தள்ளிய கணமே இழுவையை ஏறத்தாழ முழுவதும் இழக்கும்; நீரில் விழுந்தாலும் எளிதில் எழும். பழகுவோனுக்கு ஏற்றவை இவையே. மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதற்குக் காற்றுக்குழாய் இல்லை. தலையணை உறைகளை அடுக்கித் தைத்தாற்போன்ற அறைகளை உடையது. 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக் விழாவிலே, மார்செய் நகரக் கடலில், முதன்முறையாகப் பட்ட அலைச்சறுக்குப் போட்டி நடைபெற்றது. அங்கு வீரர் பயன்படுத்தியது இவ்வகைப் பட்டமே. தொலைக்காட்சியிற் கண்டதையே வாங்க விரும்புவது இளமையின் இயல்பு. ஆனால் இவ்வகைப் பட்டம் நீரில் விழுந்து அறைகளுள் நீர் புகுந்தால் பழகாதவனால் அதனை மீட்டெடுத்தல் அரிது.

மூன்றாவதாக நோக்கவேண்டியது விடுவிப்புப் பொறி. பட்டம் அடங்காதவிடத்து, ஒரே கையசைவில் அதன் இழுவையை முற்றாக அறுத்துவிடும் பொறி கச்சைக்கு அருகே இருத்தல் வேண்டும். அதனை இயக்கியபின் பட்டம் ஒரு காப்புக் கயிற்றிலே மாத்திரம் தொங்கிக் கொடிபோல் துவளும். அதுவும் போதாதெனில் அக்காப்புக் கயிற்றையும் கழற்றும் இரண்டாவது பொறி வேண்டும். இவற்றின் தரத்துக்கென ஐ.எஸ்.ஓ. 21853 என்னும் அனைத்துலக நியமம் 2020ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. புதிய பிடிதண்டு வாங்குவோர் அந்நியமத்துக்கு அமைந்ததா என்று கேட்டு வாங்குதல் நன்று. பொறி இருந்தாற் போதாது. கண்ணை மூடிக்கொண்டும் கை தானே அதனைச் சென்று தொடும்வரை பழகியிருத்தல் வேண்டும். பிடிக்கக் கற்பதன் முன் விடக் கற்பதே இக்கலையின் முதற்பாடம்.

புதிய பட்டமும் தண்டும் சேர்ந்து சில இலட்சம் ரூபா ஆகும். ஆதலின் பலர் ஒருவர் பயன்படுத்தியதையே வாங்க நேரும். அதில் தவறில்லை, ஆயினும் ஆராய்ந்து வாங்குக. துணியை விரலாற் கசக்கிப் பாருங்கள். புதுக் கடதாசிபோல் மொறுமொறுத்தால் நன்று. வெயிலும் உப்பும் தின்ற துணி பழஞ்சேலைபோற் குழைந்திருக்கும். அது ஒருநாள் நடுக்கடலிற் கிழியும். குழாய்களுக்குக் காற்றடித்து இரண்டு மணிநேரம் வைத்துப் பாருங்கள். தளர்ந்தால் எங்கோ ஒழுக்கு உண்டு. கயிறுகளை ஒரே முளையிலே கட்டி நீட்டிப் பாருங்கள். பிடிதண்டின் இருபுறக் கயிறுகளும் ஒத்த நீளமாயில்லையெனில் பட்டம் ஒருபக்கம் சாயும். விடுவிப்புப் பொறியை ஒருவர் இழுத்துப் பிடித்திருக்க, மற்றவர் இயக்கிப் பாருங்கள். மணலும் துருவும் இறுகிய பொறி, இழுவை இல்லாதபோது இயங்கிவிட்டு, இழுவை உள்ளபோது மறுத்துவிடும். 2005ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பட்டத்தை இனாமாகத் தந்தாலும் பழகுவோன் ஏற்றல் கூடாது.

இவ்வளவு கேட்டபின், 'வாங்கிய பட்டத்தை வீட்டின் முன்னாலுள்ள கடலிலேயே பழகினால் என்ன?' என்று வெள்ளவத்தை இளைஞன் ஒருவன் வினவலாம். அவனுக்குச் சொல்லவேண்டிய மறுமொழி இதுதான். தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசுவது. வெள்ளவத்தையிற் கரையோ ஒடுங்கியது. அதில் கற்கள் கிடக்கின்றன. அதனை அடுத்துப் புகையிரதப் பாதை. அதற்கப்பால் மாடிக் கட்டடங்கள். அடங்காத பட்டம் ஆளை இழுத்துச் செல்வதும் அத்திசையிலேதான். வடகீழ்க் காற்றோ கட்டடங்களிடையே சிதறிச் சுழன்று, கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. அது பழகாதவனை ஆழ்கடலுக்குக் கொண்டுசெல்லும். கொட்டாஞ்சேனை இளைஞனுக்கோ அருகிலிருப்பது துறைமுகம். கப்பல்கள் வந்துபோகும் இடம் விளையாட்டுக்கு உரியதன்று. காலிமுகத்திடலிலோ குழந்தைகளும் முதியோரும் கூடுவர். இழுவையேறிய கயிறு கத்தியைப்போல் அறுக்கும் என்பதை மறத்தலாகாது.

பழகுதற்குரிய இடம் வேறு. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் வழியாக ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது கற்பிட்டி. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க அன்பர்களுக்கு அவ்வழி புதியதன்று. மார்ச்சிலும் ஆகஸ்டிலும் தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குச் செல்லும் பாதை அதுவே. திருவிழாக் காலத்திலே பந்தலின் துணி படபடவென்று அடிப்பதைக் கேட்டவர்களுக்கு அங்குள்ள காற்றைப்பற்றி நான் கூறவேண்டியதில்லை. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை நம் கடற்றொழிலாளர் சோளகம் என்று வழங்கும் தென்மேல் காற்று அங்கே வலிமையாக வீசும். மார்கழி நடுப்பகுதியிலிருந்து மாசி கழியும்வரை வடகீழ்க் காற்று ஓரளவு மென்மையாக வீசும். முற்றிலும் புதியவனுக்கு இரண்டாவது பருவம் இசைவானது. கப்பலடி போன்ற இடங்களிலே கடலுக்கும் உள்நீருக்கும் இடையே மணற்றிட்டு நின்று அலையைத் தடுப்பதால், உள்ளே நீர் அமைதியாய், பல இடங்களில் நின்று பழகத்தக்க ஆழத்ததாய் உள்ளது. ஆங்கு வலை விரித்து வாழ்வோர் நம்மவர். விளையாட்டுக்காக அவர்களுடைய வலையையும் தோணியையும் இடையூறு செய்யாதிருத்தல் கடமை.

அங்கே சான்றிதழ் பெற்ற பயிற்றுநர் உள்ளனர். அவர்களிடம் சில நாட்கள் அவர்களுடைய பட்டத்தைக் கொண்டே பயில்க. பயிற்சி முடியுமுன் எதனையும் வாங்காதீர்கள். எந்த அளவு தன் உடலுக்கு இசைந்தது, எந்த அமைப்பு தன் கைக்கு அடங்கிற்று என்பதைக் கடையிலுள்ளவன் அறியான். பழகியவன் கையே அறியும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளை இவ்விளையாட்டை விரும்பினால் உடனே 'வேண்டாம்' என்று மறுக்காதீர்கள். மறுத்தால் அவன் நண்பனின் பழம் பட்டத்தை இரவல் வாங்கிக்கொண்டு, நீங்கள் அறியாத கரைக்குச் செல்வான். மாறாக, 'யாரிடம் பயில்கின்றாய்? எந்தக் காற்றிலே எந்த அளவு? விடுவிப்புப் பொறியை இயக்கிக் காட்டு' என்று கேளுங்கள். மூன்றுக்கும் தயங்காது விடை தருவானாயின், அவன் முதற் பட்டத்துக்குத் தகுதி பெற்றுவிட்டான். தயங்குவானாயின், இன்னும் ஒரு பருவம் பொறுக்கட்டும். சோளகம் அடுத்த ஆண்டும் வீசும்.