மருத்துவமனையிலிருந்து வீடு வரை: செவிலியர் சொல்லித் தருவதைக் கேட்டுக்கொள்கிறோமா?



ஒவ்வோர் ஆண்டும் மே 12ஆம் நாள் உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1820ஆம் ஆண்டு அந்நாளில் பிறந்தவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களைக் கவனித்தவர் என்று அவரை நாம் அறிவோம். 1859இல் நோயாளர் பராமரிப்பைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். அதை மருத்துவமனைச் செவிலியருக்காக அல்ல, வீட்டில் நோயாளரைக் கவனிக்கும் சாதாரணப் பெண்களுக்காகவே எழுதினார். செவிலியர் அறிவு வீட்டுக்கும் தேவை என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

நம் செட்டிநாட்டுப் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். ஊரில் அப்பத்தாவும் ஐயாவும் தனியே இருக்கிறார்கள். முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டு செல்லும் வீடுகளில், கட்டிலருகே ஒரு பிளாஸ்டிக் பை நிறைய மாத்திரைகளைக் காண்கிறேன். எது எதற்கு என்று கேட்டால், "வெள்ளை காலையில, சிவப்பு ராத்திரி" என்ற பதில்தான் வருகிறது. அடுத்த மாதம் வேறு நிறுவனத்தின் மாத்திரை வந்து நிறம் மாறினால் என்ன ஆகும்?

ஐந்து சரிபார்ப்புகள்

செவிலியர் பயிற்சியில் முதலில் கற்றுத்தரப்படும் பாடங்களுள் ஒன்று இது. மருந்து கொடுக்குமுன் ஐந்தைச் சரிபார்க்க வேண்டும்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். ஆகவே, ஊசி போட வரும் செவிலியர் உங்கள் பெயரை மூன்றாம் முறையாகக் கேட்டாலும் சலித்துக்கொள்ளாதீர்கள். அது மறதி அல்ல, உங்கள் உயிருக்கான காவல். ஒரே வார்டில் இரண்டு ஆரோக்கியசாமிகள் இருப்பது நம் ஊரில் அதிசயமா என்ன?

உலக நலவாழ்வு அமைப்பு மருந்துத் தவறுகளைக் குறைப்பதற்கென 2017இல் உலகளாவிய முயற்சி ஒன்றைத் தொடங்கியது. 2019 முதல் செப்டம்பர் 17ஆம் நாள் நோயாளர் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால் வீட்டுக்கு வந்தபின் இந்த ஐந்தையும் சரிபார்க்கச் செவிலியர் இல்லை. அந்தப் பொறுப்பு நம்முடையதாகிறது.

இன்சுலின் போடுவோர் கவனத்திற்கு

இதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். நம் நாட்டில் இன்சுலின் பொதுவாக இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது. ஒன்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், மற்றொன்றில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சுகளும் அதற்கேற்ப இரு வகை. 40க்கு உரியது பொதுவாகச் சிவப்பு மூடி, 100க்கு உரியது ஆரஞ்சு மூடி. வெளிநாடுகளில் 100 யூனிட் வகையே வழக்கம். மகன் அன்போடு அங்கிருந்து வாங்கி வந்த மருந்தையும் நம் ஊர்க் கடைச் சிரிஞ்சையும் சேர்த்துப் பயன்படுத்தினால் என்ன நடக்கும்?

100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால், உடலுக்குள் போவது 20 அல்ல, 50 யூனிட். மாற்றிச் செய்தால், அதாவது 40 யூனிட் மருந்தை 100 யூனிட் சிரிஞ்சில் 20 வரை எடுத்தால், போவது வெறும் 8 யூனிட். முதல் தவறில் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். இரண்டாவதில் ஏறிக்கொண்டே போகும். எனவே மருந்துப் புட்டியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

திடீரென வியர்வை, நடுக்கம், பசி, தடுமாற்றம் வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.

வேலூர் தந்த பாடம்

நோயாளருக்குக் கற்றுத்தருவதும் சிகிச்சையே என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பயிற்சி ஆரம்பமானது. 1946இல் அங்கு செவிலியர் பட்டப்படிப்பும் வந்தது. அதே ஆண்டு அங்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் ஏன் அழிகின்றன என்று ஆராய்ந்தார். நோய் தானாக விரலைத் தின்பதில்லை. உணர்ச்சி போய்விடுவதால், சுட்டாலும் குத்தினாலும் தெரியாமல் ஏற்படும் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்று கண்டார். ஆகவே அறுவை சிகிச்சையோடு, நாள்தோறும் கைகால்களைத் தாமே பார்த்துக்கொள்ளவும் நோயாளருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

இன்று நீரிழிவு நோயாளருக்கும் அதே பாடம்தான். நெடுநாள் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். முள் குத்தியதும் தெரியாது, தார்ச்சாலையின் சூடும் தெரியாது. வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொண்ட நீரிழிவு நோயாளர்கள் முதலில் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். நேர்ச்சையை வேறு நற்செயலாக மாற்றிக்கொள்ளத் திருச்சபைச் சட்டத்தில் இடமுண்டு. காலை இழப்பதைக் கடவுள் காணிக்கையாகக் கேட்பதில்லை.

சொல்லிக் காட்டுங்கள், செய்து காட்டுங்கள்

நல்ல செவிலியர் "புரிந்ததா?" என்று மட்டும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் நாம் எல்லாரும் தலையாட்டிவிடுவோம். "இப்போது நீங்கள் சொல்லுங்கள், செய்து காட்டுங்கள்" என்பார். அவர் கேட்காவிட்டால் நீங்களே முன்வாருங்கள். வீடு திரும்புமுன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்:

1. ஒவ்வொரு மருந்தும் எதற்காக, எவ்வளவு, எப்போது?

2. எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வர வேண்டும்?

3. அடுத்த பரிசோதனை என்றைக்கு?

விடைகளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நாட்டு மருந்து எடுத்துக்கொள்வதாயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவுக்கான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. மருந்து வாசலுக்கு வந்தாலும், அதைச் சரியாக உட்கொள்ள ஒருவர் துணை நிற்க வேண்டும்.

நல்ல சமாரியர் காயத்தைக் கட்டியதோடு போய்விடவில்லை. சத்திரத்துக்குக் கொண்டு சேர்த்து, மறுநாள் சத்திரக்காரரிடம் பொறுப்பை ஒப்படைத்து, திரும்பி வருவதாகவும் சொல்லிச் சென்றார். இன்று மருத்துவமனையில் செவிலியர் நம்மிடம் ஒப்படைக்கிறார். சத்திரக்காரரின் இடத்தில் நிற்பவர்கள் நாம். ஒவ்வோர் அன்பியத்திலும் செவிலியராகப் பணியாற்றுகிற அல்லது ஓய்வுபெற்ற ஒரு சகோதரி இருக்கக்கூடும். மாதம் ஒருமுறை அவரை அழைத்துக்கொண்டு, தனியே இருக்கும் ஒரு முதியவரின் மாத்திரைப் பையைப் பிரித்துப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்குவோமா?