வடியாத வீக்கம்

குழந்தைக்குக் கன்னம் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்று கழுத்தில் தங்கச் சங்கிலி அணிவிப்பது நம்மவர் வழக்கம். பாகாலாவில் அண்டை வீட்டார் அதனைக் 'கவத பில்லலு' என்பர். சங்கிலி இல்லாவிடினும் அது பெரும்பாலும் தானே வடிந்துவிடும். வடியாத வீக்கமொன்றும் உண்டு, அபூர்வமானது.

1896-இல் கியூட்னர் என்னும் ஜெர்மானிய அறுவை வைத்தியர் அதனை விவரித்தார். தாடைக்குக் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பி கல்போல் இறுகிப் பருத்துவிடும். வலி பெரும்பாலும் இராது. தொட்டால் புற்றுக்கட்டி போலிருக்கும். உண்மையில் அது அழற்சியே. 1888-இல் மிக்குலிச் என்பார், கண்ணீர்ச் சுரப்பிகளும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இருபுறமும் வீங்கிய ஒரு குடியானவரைப் பற்றிக் கூறியிருந்தார். வெவ்வேறாக எண்ணப்பட்ட இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே குடும்பத்து நோய்கள் என்பது, 2001 முதல் ஜப்பானியர் நடத்திய ஆராய்ச்சிகளின் பின்னரே விளங்கிற்று. ஐ.ஜி.ஜி.4 என்ற புரதத்தைச் சுரக்கும் அணுக்கள் சுரப்பியில் குவிய, அது நாரேறி இறுகுகிறது. கணையமும் சிறுநீரகமுங்கூடத் தாக்கப்படலாம்.

சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தாலன்றி இது புற்றா, அழற்சியா என்பது உறுதியாகாது. இங்கேதான் நம்மவர் தயங்குகின்றனர். கத்தி பட்டால் பரவிவிடும் என்பது பாட்டிமார் பேச்சு. அப்பேச்சுக்காக மாதங்களைப் போக்குவது தகாது. புற்றானால் காலம் வீணாகும். அழற்சியானாலோ, ஸ்டீராய்டு மாத்திரைக்குப் பெரும்பாலும் நன்றாகக் கட்டுப்படும். மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. சர்க்கரை வியாதியுள்ளவர் அதனை முன்னரே சொல்லவேண்டும்.

இரண்டு மூன்று வாரமாகியும் வடியாத கட்டியுள்ளோர் உள்ளூர் வைத்தியரிடம் காட்டுக. அவர் பெரிய இடத்துக்கு அனுப்பினால், சித்தூர் வழியாகக் காட்பாடியில் இறங்கினால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அருகிலேயே உள்ளது. பழைய சீட்டுகளையும் மறவாது எடுத்துச் செல்க.