பரிஸ், சூரிச், லண்டன்: பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு பயணத் திட்டம்

மூத்தவர் பரிசில், இளையவர் சூரிச்சில், மகள் ஜேர்மனியில், தங்கையின் குடும்பம் லண்டனில். புங்குடுதீவில் இப்படிப் பிரிந்து கிடக்காத குடும்பம் குறைவு. ஒருமுறைதான் போகிறோம், எல்லாரையும் பார்த்துவிட்டு வருவோம் என்று நீங்கள் நினைப்பது நியாயம். ஆனால் நகருக்கு நகர் எப்படிப் போவது என்பதைக் கொழும்பில் விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். எடுத்த பிறகு யோசித்தால் காசும் நாளும் வீணாகும்.

ஒரே விசாவில் எல்லா இடமும் போகலாமா?

பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் மூன்றுக்கும் ஷெங்கன் விசா (29 நாடுகளுக்குப் பொதுவான நுழைவு அனுமதி) ஒன்றே போதும். எந்த நாட்டில் கூடுதல் நாள் நிற்கப்போகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் நிற்க முடியாது. உங்கள் விசாவில் அதைவிடக் குறைந்த நாட்கள் எழுதியிருந்தால் அதுவே கணக்கு. லண்டன் இந்தக் கூட்டத்தில் இல்லை. அதற்குத் தனி விசா வேண்டும்.

பரிசில் இறங்கி, லண்டன் போய், மறுபடி பரிசுக்கு வரலாமா?

இங்கேதான் பல திட்டங்கள் உடைகின்றன. ஷெங்கன் விசாவில் எத்தனை தடவை நுழையலாம் என்பதற்கு ஒரு கட்டம் இருக்கும். அதில் ‘01’ என்று இருந்தால், லண்டனுக்குப் புறப்பட்டதோடு அந்த விசா முடிந்தது. பரிசில் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தாலும் திரும்ப நுழைய முடியாது. ஆகவே விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவு கேளுங்கள். கிடைக்காவிட்டால் லண்டனைப் பயணத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ வையுங்கள்.

அப்படியானால் எந்த ஒழுங்கு நல்லது?

வந்த வழியே திரும்பாத ஒழுங்கு. லண்டன், பரிஸ், ஜேர்மனி, சூரிச் என்று ஒரே திசையில் போய், சூரிச்சிலேயே விமானம் ஏறுங்கள். முகவரிடம் ‘ஓப்பன் ஜோ’ (ஒரு நகரில் இறங்கி வேறு நகரில் ஏறும் சீட்டு) என்று கேட்டால் புரியும். சாதாரணமாக ஒரே நகருக்குப் போய்வரும் சீட்டோடு விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். பல தடவை பெரிய வித்தியாசம் இராது. கோயில் திருவிழாவுக்குப் போக விருப்பமென்றால் அந்தத் திகதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஜேர்மனியில் உள்ள ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேர் ஜூன் மாதத்தை ஒட்டி வரும். பரிஸ் மாணிக்க விநாயகர் தேர் ஓகஸ்ட் கடைசியிலோ செப்ரெம்பர் தொடக்கத்திலோ வரும்.

நகருக்கு நகர் விமானமா, ரயிலா?

நான் ரயில் என்றே சொல்வேன். லண்டனிலிருந்து பரிசுக்குக் கடலடிச் சுரங்கம் வழியாக யூரோஸ்டார் ரயிலில் ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம். பரிசிலிருந்து ஜேர்மனியின் ஸ்ருட்காட்டுக்கு 3 மணிக்குச் சற்று மேல், சூரிச்சுக்கு 4 மணி அளவு. விமானம் பறக்கும் நேரம் ஒரு மணிதான், ஆனால் விமான நிலையத்துக்குப் போகும் நேரம், அங்கே காத்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். மலிவு விமானங்கள் இறங்கும் போவே விமான நிலையம், பெயரளவில் பரிஸ் என்றாலும், நகரிலிருந்து 80 கிலோமீற்றர் அளவு தள்ளி இருக்கிறது. அந்த மலிவு விலையில் பெரிய பெட்டியும் அடங்காது. ரயிலில் பெட்டியை நிறுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் தூக்கி ஏற்றுவது நீங்களே. உங்களால் தூக்க முடிந்த பெட்டியை மட்டும் கொண்டுபோங்கள்.

பரிசில் எந்த நிலையம்?

ஒன்றல்ல, பல. லண்டன் ரயில் லாச்சப்பல் தமிழ்க் கடைகளுக்குப் பக்கத்தில் உள்ள கார் து நோர் நிலையத்துக்கு வரும். ஸ்ருட்காட் ரயில் கார் து லெஸ்த் நிலையத்திலிருந்து புறப்படும். அது அங்கிருந்து நடை தூரம். சூரிச் ரயிலோ கார் து லியோன் நிலையத்தில். அதற்கு நகர ரயிலில் போக வேண்டும். சீட்டில் நிலையத்தின் பெயரை இரண்டு தடவை வாசியுங்கள்.

சீட்டை எப்போது எடுப்பது?

விசா கையில் வந்ததும். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். மலிவுச் சீட்டு அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். குறிகட்டுவானில் நயினாதீவுப் படகு தவறினால் அடுத்ததில் போகலாம், நெடுந்தீவுப் படகு தவறினால் அன்றைய நாளே போய்விடும். மலிவு ரயில் சீட்டும் நெடுந்தீவுப் படகைப் போலத்தான். ஆதலால் நிலையத்துக்கு முன்கூட்டியே போங்கள். யூரோஸ்டாருக்குக் குறைந்தது ஒன்றரை மணிக்கு முன்னர் போய்விடுங்கள். இரு நாட்டுக் கடவுச்சீட்டுச் சோதனையும் ஏறும் முன்பே நடக்கும்.

இடையில் ரயில் மாற வேண்டியிருந்தால்?

முழு வழிக்கும் ஒரே சீட்டாக எடுங்கள். ஜேர்மனியில் தாமதம் அடிக்கடி வரும். ஒரே சீட்டாக இருந்தால் முதல் ரயில் பிந்தி அடுத்ததைத் தவறவிட்டாலும் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு மணி பிந்தினால் சீட்டு விலையில் கால் பங்கையும், இரண்டு மணி பிந்தினால் அரைப் பங்கையும் பொதுவாகத் திருப்பிக் கேட்கலாம். கேட்டால்தான் தருவார்கள்.

மகன் காரில் கூட்டிப்போகிறேன் என்கிறாரே?

போகலாம். பரிசிலிருந்து சூரிச் 600 கிலோமீற்றருக்கு மேல், ஏறத்தாழ ஒரு பகல் ஓட்டம். எல்லையில் நிறுத்த மாட்டார்கள் என்று நம்பிக் கடவுச்சீட்டை வீட்டில் விட்டுவிடாதீர்கள். ஜேர்மனி 2024 செப்ரெம்பரில் இருந்து தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது.

வழிக்குச் சாப்பாடு?

லண்டனில் மச்சாள் கட்டித்தரும் மட்டன் ரோல்ஸைப் பரிஸ் ரயிலில் கொண்டுபோக முடியாது. இறைச்சியும் பாற்பொருளும் பிரித்தானியாவிலிருந்து பிரான்சுக்குள் கொண்டுபோகத் தடை. ரயில் ஏறும் முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

முழங்கால் நோ இருக்கிறது, தனியாகப் போகலாமா?

போகலாம். விமான நிலையத்திலும் பெரிய ரயில் நிலையங்களிலும் சக்கர நாற்காலி உதவி உண்டு, காசு கேட்க மாட்டார்கள். ரயிலுக்குப் புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே பதிய வேண்டும். சீட்டு எடுத்துத் தரும் பிள்ளையிடம் அன்றைக்கே அதையும் பதியச் சொல்லுங்கள். பதிந்த தாளையும் சீட்டையும் அச்சடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.