ஏரெ என்னும் நாட்டுப் பெயர்

அஞ்சல் தலைகளைச் சேர்த்து வைக்கும் நேயர்கள், அயர்லாந்தின் தலைகளில் 'ஏரெ' என்னும் சொல் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டிருக்கலாம். ஐரிஷ் மொழியில் அந்நாட்டின் பெயர் அதுவே. அதனோடு நிலம் எனப் பொருள்படும் 'லாந்து' சேர்ந்து உண்டான ஆங்கில வடிவத்தையே நாம் வழங்கி வருகிறோம்.

பழைய ஐரிஷில் இப்பெயர் 'ஏரியு'. தீவில் வந்திறங்கிய குடிகளிடம் பன்பா, ஃபோட்லா, ஏரியு என்னும் மூன்று தேவியரும் தத்தம் பெயரையே நாட்டிற்கு இடுமாறு வேண்டினர் என்பது புராணம். புலவர்கள் மூன்றையும் பாடினர். நிலைத்தது ஏரியுவின் பெயர். மொழிநூலார் இன்னும் பின்னே செல்கின்றனர். கொழுமையைக் குறிக்கும் வடசொல்லாகிய 'பீவர'மும் இதுவும் ஒரே வேரின என்பது அவருட் பலர் கொள்கை. கெல்டிய மொழிகளில் முதலெழுத்தாகிய பகரம் கெட்டுவிடும். வடமொழிப் 'பிதா'வுக்கு இனமான ஐரிஷ்ச் சொல் 'அஹிர்' என ஒலிப்பது காண்க. ஆகவே நாட்டின் பெயர் 'கொழுநிலம்' என்றாகிறது.

எழுவாயில் 'ஏரெ' என நிற்கும் சொல், ஆறாம் வேற்றுமையில் 'ஏரன்' எனவும், முன்னிடைச் சொற்களை அடுத்து 'ஏரின்' எனவும் திரியும். நம் 'நாடு', 'நாட்டு' எனத் திரிவதில்லையா? ஆனால் ஐரிஷில் சொல்லின் தலையும் மாறும்: 'அயர்லாந்தில்' என்பதற்கு 'இ நேரின்', 'அயர்லாந்தின்' என்பதற்கு 'ந ஹேரன்'. ஆங்கிலக் கவிஞர் விரும்பும் 'எரின்' வேற்றுமை உருவிலிருந்து பிறந்ததே. 'நாடு' என வேண்டிய இடத்தில் 'நாட்டு' என்று நிறுத்தியதை ஒக்கும். கேட்க இனிமையாகவே இருக்கிறது.

1937ஆம் ஆண்டு அரசியலமைப்பின் நான்காம் பிரிவு, அரசின் பெயர் 'ஏரெ', ஆங்கிலத்தில் 'அயர்லாந்து' என வகுத்தது. 1938இல் பிரிட்டிஷ் சட்டமோ ஆங்கிலத்திலும் 'ஏரெ' என்றே எழுதியது. மரியாதை போலத் தோன்றினும், வடக்கின் ஆறு மாவட்டங்களைத் தன்னிடம் வைத்திருந்த பிரிட்டன், முழுத் தீவின் பெயரை அவ்வரசுக்கு அளிக்க விரும்பாமையே அதன் உட்பொருள். நெடிலைக் காட்டும் சாய்கோட்டையும் ஆங்கில அச்சகங்கள் விட்டுவிட்டன. கோடு நீங்கினால் அது 'எரெ'. ஐரிஷில் அதற்குச் சுமை என்று பொருள்! எகர ஏகாரங்களுக்குத் தனித்தனி எழுத்துடைய நமக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். இந்தியில் எழுதுவோருக்கு ஓரெழுத்தே உண்டு.

1949இல் பிரிட்டன் 'அயர்லாந்துக் குடியரசு' என்றது. 1998ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னரே 'அயர்லாந்து' என்னும் பெயரை முறையாக ஏற்றது. 2002 முதல் வழங்கும் அந்நாட்டு யூரோ நாணயங்களில், யாழின் அருகே, 'ஏரெ' தன் சாய்கோட்டுடன் விளங்குகிறது.