களைப்பு வேறு, எரிந்து தீர்தல் வேறு: செயற்பாட்டாளர்கள் அறிய வேண்டியவை

சாதிய வன்கொடுமை நடந்த சிற்றூர் ஒன்றிற்கு உண்மையறியும் குழு செல்கிறது. பாதிக்கப்பட்ட பெண் நடந்ததைச் சொல்கிறார். எதிரில் அமர்ந்து குறிப்பெடுக்கும் செயற்பாட்டாளர் இதுபோல் பல வாக்குமூலங்களைக் கேட்டவர். கை எழுதுகிறது, மனம் எதையும் உணரவில்லை. 'இந்த வழக்கும் விடுதலையில்தான் முடியப்போகிறது' என்ற எண்ணம் மட்டும் உள்ளே ஓடுகிறது. அன்றிரவு அவர் தம்மையே கேட்டுக்கொள்கிறார்: நான் கல்லாகிவிட்டேனா?

"இரண்டு நாள் ஓய்வெடுங்கள் தோழர், சரியாகிவிடும்" என்கிறார்கள் உடனிருப்பவர்கள். அன்றாட மன அழுத்தத்திற்கு இந்த ஆலோசனை போதும். அவருக்கு நேர்ந்திருப்பதற்குப் போதாது. இவ்வேறுபாட்டை அறியாத காரணத்தால், நெடுங்காலம் உழைத்த பலரை இயக்கங்கள் ஓசையின்றி இழக்கின்றன.

மன அழுத்தம் என்பது ஒரு நெருக்கடிக்கு உடலும் மனமும் தரும் எதிர்வினை. நாளை தேர்வு, மாலைக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும், போராட்டத்திற்கு அனுமதி மறுக்கப்பட்டுவிட்டது: இத்தகைய வேளைகளில் நெஞ்சு படபடக்கும், தூக்கம் குறையும், எரிச்சல் கூடும். எனினும் அந்தப் பணியின்மீது நமக்குள்ள அக்கறை குறைவதில்லை. நெருக்கடி தீர்ந்து, நன்றாக உறங்கி எழுந்தால் மனம் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

'பர்ன்அவுட்' எனப்படும் எரிந்து தீர்தல் அப்படித் திரும்புவதில்லை. அதை முதலில் விவரித்தவர்களுள் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர். நியூயார்க்கில் இயங்கிய இலவச மருத்துவமனை ஒன்றில் தன்னார்வமாகப் பணியாற்றியவர் அவர். அங்கு ஊதியம் எதிர்பாராது உழைத்தவர்கள் நாளடைவில் வற்றிப்போவதைக் கண்டார். தாமும் அந்நிலைக்கு ஆளானார். 1974 இல் அதைப் பற்றி எழுதினார். இன்று பெருநிறுவன ஊழியர்களோடு இணைத்தே பேசப்படும் இச்சொல், ஈடுபாட்டோடு மக்கள் பணி செய்தவர்களைப் பற்றியே உளவியலுக்குள் வந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

1981 இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகியோர் இதை அளவிட ஒரு வினாத்தாளை உருவாக்கினர். அவர்கள் கண்ட கூறுகள் மூன்று. முதலாவது, ஓய்வெடுத்தும் தீராத உணர்வு வறட்சி. இரண்டாவது, யாருக்காக உழைக்கிறோமோ அவர்களிடமிருந்தே மனம் விலகிப்போதல்; மனிதர் வெறும் வழக்கு எண்ணாகத் தெரிதல். மூன்றாவது, 'நான் செய்வதால் எதுவும் மாறவில்லை' என்ற பயனின்மை உணர்வு. உலகச் சுகாதார நிறுவனமும் 2019 இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தன் நோய் வகைப்பாட்டில் ஏறத்தாழ இதே மூன்றையும் குறிப்பிடுகிறது. ஆனால் இதை நோயாக அது வகைப்படுத்தவில்லை. முறையாகக் கையாளப்படாத, நெடுநாள் தொடர்ந்த பணிச்சூழல் அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுக்கிறது. ஆகவே பழுதைத் தேட வேண்டிய இடம் பணி நடக்கும் விதம். உழைத்தவரின் மன உறுதியை ஐயுறுவது வீண்.

நம்மை நாமே சோதித்துக்கொள்ள மூன்று கேள்விகள் உதவும். ஓய்வுக்குப் பின் தெம்பு திரும்புகிறதா? மக்கள் அழைக்கும்போது மனம் இரங்குகிறதா, அல்லது தொலைபேசியைப் பார்த்ததுமே வெறுப்பு எழுகிறதா? சிறு வெற்றி கிடைக்கும்போது மகிழ முடிகிறதா? மூன்றுக்கும் பல வாரங்களாக எதிர்மறை விடையே கிடைக்குமாயின், அதை வெறும் களைப்பு என ஒதுக்கக் கூடாது.

வேலைப் பளு மட்டுமே இதற்குக் காரணமாவதில்லை. தன் பணியின்மீது கட்டுப்பாடின்மை, உழைப்புக்கு மதிப்பின்மை, நியாயமின்மை ஆகியவையும் காரணங்கள் என்பது ஆய்வாளர்களின் முடிவு. நம் களத்தில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 ஆம் ஆண்டுத் திருத்தம், குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து இயன்றவரை இரண்டு மாதங்களுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்கிறது. நடைமுறையிலோ வாய்தாக்கள் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. ஒவ்வொரு வாய்தாவிற்கும் சாட்சிகளை அழைத்துச் சென்று வெறுங்கையோடு திரும்புபவரை வற்றச்செய்வது பயணக் களைப்பைவிட அந்த அநீதியே.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. கல்லூரியில் இடஒதுக்கீட்டைச் சொல்லி இழிவுபடுத்தப்படும் மாணவரின் துயரை 'பர்ன்அவுட்' என்று பெயரிடுவது பெரும்பிழை. அது பாகுபாடு. எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் நிலவிய பாகுபாட்டை 2007 இல் சுகதேவ் தோரட் குழு ஆவணப்படுத்தியது. 2012 இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலரை நியமிக்க வகைசெய்தன. அத்தகைய மாணவருக்கு மூச்சுப்பயிற்சியைப் பரிந்துரைத்துவிட்டு, முறையீட்டைக் கிடப்பில் போடுவது, குற்றத்தைப் பாதிக்கப்பட்டவர் தலையில் சுமத்துவதாகும்.

மற்றொரு குழப்பம் சொல்லில் இருக்கிறது. தமிழில் 'ஸ்ட்ரெஸ்', 'டிப்ரஷன்' இரண்டையுமே பலர் மன அழுத்தம் என்கிறார்கள். பின்னதை மனச்சோர்வு நோய் என்பதே பொருத்தம். எரிந்து தீர்தல் பெரும்பாலும் பணியைச் சுற்றியே இருக்கும். மனச்சோர்வு நோய் உணவு, உறவு, பொழுதுபோக்கு என வாழ்வின் எல்லாப் பகுதிகளிலும் பரவும். இரண்டும் ஒருசேர வருவதும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் எது எது என்று ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவையை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

தனிமனிதரின் ஓய்வு அவசியமே. ஆனால் அதே சுமைக்கு அவரைத் திருப்பி அனுப்பினால் அந்த ஓய்வு வீணாகும். வாக்குமூலம் பதிவுசெய்ய ஒருவரைத் தனியே அனுப்பாதிருத்தல், களப்பணி முடிந்ததும் கூடி அமர்ந்து மனம்விட்டுப் பேசுதல், நீதிமன்ற அலைச்சலை முறைவைத்துப் பகிர்தல், பயணச் செலவை அமைப்பே ஏற்றல், விடுப்பு கேட்பவரைத் துரோகியாகப் பார்க்காதிருத்தல் ஆகியவை சிறு அமைப்புகளாலும் இயலக்கூடியவையே.

அந்தச் செயற்பாட்டாளர் கல்லாகிவிடவில்லை. தாங்க முடியாததை நெடுநாள் தனியாகத் தாங்கியவர் அவர். அவருடைய மரத்துப்போன முகத்தின் எதிரேதான் நாளை இன்னொரு பெண் தன் துயரைச் சொல்ல வந்து அமர்வார். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியைச் சேருங்கள்: இந்த ஆண்டு யார் எத்தனை வாய்தாவிற்குச் சென்றார்கள்? ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருமாயின், அடுத்த வாய்தாவிற்கு வேறொருவர் செல்லட்டும்.