உங்களுக்குத் தெரியுமா? கர்ப்பிணிப் புத்தகத்தில் ஒட்டும் நிறம்

மலேசியாவில், கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ, அரசாங்க கிளினிக்கில் பதிந்த கர்ப்பிணியின் புத்தகத்தில் ஒரு வண்ண ஒட்டி இருக்கும். வெள்ளை என்றால் தாதியின் பரிசோதனையே போதும். பச்சைக்கு டாக்டர், மஞ்சளுக்கு நிபுணர். சிவப்பு என்றால் அப்போதே மருத்துவமனை. ஒவ்வொரு வருகையிலும் நிலைமையை மறுபடி பார்ப்பார்கள். போன மாதம் வெள்ளை என்பதால் இந்த மாதமும் வெள்ளை ஆகிவிடாது.

நிறத்தை மாற்றக்கூடிய அறிகுறிகளில், நம் வீடுகளில் எளிதில் தவறவிடக்கூடியது தலைவலிதான். ஐந்து மாதத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, திடீரென்று முகம் வீங்குவது: இவை ரத்த அழுத்தம் எகிறியதன் அறிகுறிகளாக இருக்கலாம். தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள். அழுத்தம் 140/90ஐத் தொட்டாலே டாக்டர் பார்த்தாக வேண்டும். வலிப்பு வந்துவிட்டால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து 999ஐ அழையுங்கள். கையில் சாவி வேண்டாம், வாயில் கரண்டி வேண்டவே வேண்டாம். மருத்துவமனையில் மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு வலிப்பை அடக்குவார்கள். பிள்ளை பிறந்த பிறகும், பத்தியம் இருக்கும் நாட்களிலும், இந்த வலிப்பு வரலாம்.

உதிரப்போக்கு, பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது, எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கிளம்பும்போது அந்தப் புத்தகம் கையில் இருக்கட்டும்.